ஆறு பாகை தள்ளி

பிப்ரவரி 4

மிளகுக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ‘அன்புள்ள தம்பிக்கு’ என்று மூன்று தாள்களில் ஆரம்பித்துப் பார்த்தேன். அலுவலகக் கடிதம் மாதிரி இருந்தது. உருவம் சிறிது, காரம் பெரிது என்று சின்ன வயதில் நான் வைத்த பெயர். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

உன் முகவரியை உன்னோடு பயிற்சியில் இருந்த நெட்டை கொடுத்தான். துணி ஆலையில் அளவு பார்க்கிறாயாம். கல்யாணமாகி, பன்னிரண்டு வயதில் ஒரு மகளும் இருக்கிறாளாம். என் தம்பி மகளைப் பற்றி ஊரான் வாயிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம். நானும் எழுதவில்லைதான், உன்னை மட்டும் குறை சொல்ல வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பீரங்கிப் பயிற்சிப் பள்ளியை ஜூன் மாதத்தோடு மூடுகிறார்கள். இனிமேல் கடற்படைக்காரர்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே சுடப் பழகிவிடுவார்களாம். தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, “இங்க ரொம்ப நாளா இருக்கிறது நீங்கதாம்மா. பள்ளியோட வரலாற்றை ஒரு புத்தகமா எழுதிக் குடுத்துடுங்க” என்றார். “நான் பீரங்கிக்குக் கண்ணாடி துடைக்கிறவ சார்” என்றேன். “துடைச்சுத் துடைச்சு எல்லாத்தையும் பார்த்தவங்கதானே” என்றார். மடக்கிவிட்டார்.

ஆகவே ஒரு மாதமாகப் பழைய பதிவேடுகளோடு குடித்தனம் நடத்துகிறேன். முதல் வருஷம் பள்ளியில் பீரங்கியே இல்லை, தெரியுமா? ஏற்றிவந்த கப்பல் எங்கோ பழுதாகி நின்றுவிட்டது. முப்பது பேர் எட்டு மாதம் மரத்தடிகளைக் கடலைப் பார்த்து நிறுத்தி வைத்துப் பழகியிருக்கிறார்கள். ‘சுடு’ என்றதும் ஒருவர் வாயாலேயே ‘டொம்’ என்பாராம். அதற்கென்றே ஓர் ஆள். பதிவேட்டில் ‘சத்தம்: ஒருவர்’ என்று எழுதியிருக்கிறது. உண்மையான பீரங்கி வந்து இறங்கிய அன்று அந்த மனிதர் பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரை எழுந்து வரவில்லையாம். அவரை நினைத்துக்கொண்டே நான் ஒரு வாரம் நடமாடினேன். ரொட்டி வாங்கப் போன இடத்தில்கூட அவர் எனக்கு முன்னால் வரிசையில் நிற்பது போல இருந்தது.

இப்போது நீ இருந்த வருஷத்துக்கு வந்துவிட்டேன். அந்த நாளைப் பற்றி அலுவலகக் கோப்பில் ஒரே வரிதான் இருக்கிறது. ‘குறி அமைப்பாளர் ஆறு பாகை தள்ளி வைக்க மறந்ததால் விபத்து.’ உன் மகள் இதைப் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன்: பயிற்சியில் உண்மையான கப்பலையே குறி பார்ப்பார்கள். ஆனால் பார்வைக்குழாயை ஒரு திருகால் ஆறு பாகை தள்ளி வைத்திருப்பார்கள். கண் கப்பலைப் பார்க்கும், குண்டு கப்பலுக்குப் பின்னால் வெறும் தண்ணீரில் போய் விழும். அந்தத் திருகைத் திருப்புவதுதான் அவள் அப்பாவின் வேலை, உன் வேலை. அன்று குண்டு தண்ணீரில் விழவில்லை. கப்பலின் சமையல்கட்டில் விழுந்தது.

அந்த வரியை அப்படியே அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அன்று காலையில் என்ன செய்தாய் என்று நீ உன் கையால் எழுதி அனுப்பு. ஏப்ரல் கடைசியில் அச்சகத்துக்குப் போகவேண்டும்.

அக்கா

*

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

எழுத என்ன இருக்கிறது? மறந்துவிட்டேன். விசாரணையில் அப்படித்தான் முடிவானது, நானும் ஒத்துக்கொண்டேன். வேலையிலிருந்து அனுப்பினார்கள், வந்துவிட்டேன். அந்த வரியில் தப்பு எதுவும் இல்லை. அப்படியே போடு.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நெட்டை சரியாகச் சொல்லவில்லை. துணியை அளந்து மடிப்பேன். நான் அளந்ததை அடுத்த மேஜையில் இன்னொருவர் மறுபடி அளப்பார். இந்த வேலையைத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான். மேஸ்திரியாக்குகிறோம் என்று இரண்டு தடவை சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். மேஸ்திரி அளந்ததை யாரும் மறுபடி அளப்பதில்லை. வீட்டில் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவேன். “பூட்டு ஓடியா போயிடும்?” என்பாள் உன் தம்பி மனைவி. மகளும் சேர்ந்து சிரிப்பாள். மகள் சின்னவளாக இருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு நான் மாடிப்படி இறங்கியதே இல்லை. என் கையை நம்பி எதையும் கொடுக்க எனக்குப் பயம்.

ஒரு கனவு வரும். பனி. பீரங்கி மேடை. நான் திருகைத் திருப்புகிறேன். டக், டக் என்று ஆறு. கப்பல் தூரத்தில் தூங்குகிற மாடு மாதிரி நிற்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது, சத்தமே இல்லை, நான் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன். பிறகு விழித்துக்கொள்வேன்.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கப்பலின் சமையல்காரரைப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு வருஷமாக, மாதத்தின் முதல் ஞாயிறு. இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கப்பலில் அவரைக் ‘கரண்டி’ என்று கூப்பிடுவார்களாம், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. தேநீர் போட்டுக் கொடுப்பார், சதுரங்கம் ஆடுவோம், நான் தோற்பேன், திரும்பி வருவேன்.

என் குறை ஒன்றுதான். விசாரணை அறையில் உன்னையும் கூப்பிட்டார்கள். “உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு “எதுவும் தெரியாது” என்றாய். என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டாம். “என் தம்பி மறக்கிறவன் இல்ல” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவே இருந்திருந்தாலும் அதை மடியில் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருப்பேன்.

அவ்வளவுதான்.

தம்பி

*

மார்ச் 6

மிளகுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். பதிலுக்கு என் வாயிலிருந்து பள்ளிக் கதைதான் வருகிறது. பொறுத்துக்கொள்.

அரைக்கோளக் கூடம் ஞாபகம் இருக்கிறதா? ஜன்னலே இல்லாத, கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற கட்டடம். உள்கூரையில் விமானப் படத்தை ஓடவிட, நீங்கள் கீழே இருட்டில் நின்று வெளிச்சத்தால் சுடுவீர்கள். நேற்று அதைத் திறந்தேன். படம் ஓட்டும் பெட்டி இன்னும் வேலை செய்கிறது. ஒரு சுருளைப் போட்டுவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொண்டேன். தலைக்கு மேலே மேகம் போயிற்று. முப்பது வருஷத்துக்கு முந்தைய மேகம். விமானம் வரும் இடத்தில் படம் அறுந்துபோயிருக்கிறது, அதனால் மேகம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

விடுதிக் காவலரின் குறிப்பேடு ஒன்றும் கிடைத்தது. பயிற்சிக்காரர்கள் தூக்கத்தில் கட்டளை சொல்வார்களாம். ஒரு மூலையில் ஒருவன் ‘தூரம்’ என்பான், மறு மூலையில் தூங்குகிற இன்னொருவன் சரியான எண்ணைச் சொல்வான். விழித்திருக்கும்போது தப்பாகச் சொல்கிறவர்கள்கூடத் தூக்கத்தில் தப்பாகச் சொன்னதில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். இதைப் புத்தகத்தில் கட்டாயம் சேர்க்கப்போகிறேன். தலைமை அதிகாரி மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

இங்கே தெருவில் இப்போதும் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். பாதிப் பேருக்குக் காது போய்விட்டது. பேசுவது ரகசியமாக இருந்தாலும் கத்துகிறார்கள். யாருடைய மருமகள் யாரோடு சண்டை போட்டாள் என்பது எனக்கு ஜன்னலைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

சரி. ஒன்று கேட்கிறேன், நீ பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். திருகைத் திருப்பிய பிறகு பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டுத் திருகை இறுக்கினாயா? இறுக்கிவிட்டு எங்கே போனாய்? எத்தனை நிமிஷம்?

அக்கா

*

மார்ச் 15

அக்கா,

மேகமும் தூக்கமும் எழுதிவிட்டு, கடைசியில் பூட்டுத் திருகைக் கேட்கிறாய். நீ சுற்றி வளைத்தால் வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

சொல்கிறேன். பனி இருந்தது. ஆறரை மணிக்குத் திருப்பினேன் என்று நினைவு. ஆறு சொடுக்கு எண்ணினேன் என்று நினைவு. பூட்டுத் திருகை இறுக்கினேன் என்று நினைவு. பிறகு தேநீர் இடைவேளை என்றார்கள், கீழே இறங்கினேன். இருபது நிமிஷம் இருக்கும். திரும்பி வந்ததும் பனி விலகியிருந்தது, கொடி ஏறியது, சுட்டோம். நான் திரும்பச் சரிபார்க்கவில்லை. மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும், அவரும் பார்க்காமலே கொடி காட்டினார். அந்த மனிதர் இப்போது உயிரோடு இல்லை, அவரை இழுக்க வேண்டாம்.

ஆனால் அக்கா, இதையெல்லாம் அன்றைக்கே சொன்னேன். விசாரணை அதிகாரி ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “தினமும் ஆறு எண்ணுற ஆளுக்கு எண்ணின ஞாபகம் இருக்கத்தான் செய்யும். அது இன்னைக்கு எண்ணினதா, நேத்து எண்ணினதான்னு எப்படிச் சொல்வீங்க?” பீரங்கியைப் பார்த்தார்கள், திருகு நேராக இருந்தது. அன்றோடு என் ஞாபகத்தின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போயிற்று.

நேராகச் சொல். என்ன தெரியும் உனக்கு?

தம்பி

*

மார்ச் 29

மிளகு,

நீ ஆறு எண்ணினாய். பூட்டுத் திருகையும் இறுக்கினாய். நீ எதையும் மறக்கவில்லை.

நான்தான்.

நீ தேநீருக்கு இறங்கிய பிறகு மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். “மூணாவது பீரங்கிக் கண்ணாடில பனி இறங்கியிருக்கு, வந்து துடைம்மா” என்றார். துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். உனக்கே தெரியும், தினமும் காலையில் பதினோரு பார்வைக்குழாயையும் துடைத்து, குழாயும் பீரங்கியும் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி நேர் செய்து வைப்பதுதான் என் வேலை. ஏழு வருஷம் தினமும் பதினொன்று. துடைத்துவிட்டுக் கண்ணை வைத்தேன். கோணலாக இருந்தது. வீட்டில் சுவரில் படம் சாய்ந்திருந்தால் நாம் யாரைக் கேட்டுவிட்டு நேராக்குகிறோம்? கை போயிற்று. பூட்டுத் திருகைத் தளர்த்தினேன், நேர் செய்தேன், மறுபடி இறுக்கினேன். மனசு அங்கே இல்லை. பனி கலைந்து கடல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக இருந்தது என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

சத்தியமாக அப்போது எனக்குத் தெரியாது. சாயங்காலம் அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தபோது தெரிந்தது. என் கையெழுத்தில் இருந்தது: ‘காலை 6.45. மூன்றாவது பீரங்கி. துடைத்து நேர் செய்யப்பட்டது.’ வழக்கமாக எழுதுகிற வாசகம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மூடி அலமாரியில் வைத்தேன். மறுநாள் விசாரணை. அந்தப் பதிவேட்டை யாரும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டனுப்பிய மேற்பார்வையாளரும் அதைச் சொல்லவில்லை. துணியோடு வந்து போகிற ஒரு பெண் பீரங்கியைத் தொட்டிருப்பாள் என்று எவருக்கும் தோன்றவில்லை. “எதுவும் தெரியாது” என்றேன்.

அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, இரண்டு பேருக்கும் வேலை போனால் என்ன செய்வது என்று நினைத்தேன் என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா அடுத்த வருஷமே போய்விட்டாள். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. ஆகவே அது காரணம் இல்லை. பயம். பயந்து பயந்து அதுவே பழகிப்போயிற்று. நீ எங்கேயோ கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருப்பாய், பழசைக் கிளறக்கூடாது என்று எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொண்டேன். நீ மகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினதில்லை என்று படித்தேனே, அன்றோடு அந்தத் தாலாட்டு நின்றது.

புத்தகத்தில் அந்த நாளுக்கு நான் எழுதியிருப்பது இது: ‘குறி அமைப்பாளர் ஆறு பாகையைச் சரியாகவே தள்ளி வைத்திருந்தார். பனியைத் துடைக்க வந்த பார்வைக்குழாய் அறைப் பணியாளர் பழக்க தோஷத்தால் அதை நேராக்கினார். விசாரணையில் அதை மறைத்தார். இந்த வரலாற்றை எழுதுபவர் அவர்தான்.’

தலைமை அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “மூடப்போற நேரத்துல இது எதுக்கும்மா? விட்டுடுங்களேன்” என்றார். “இதை விட்டா மீதி இருநூறு பக்கத்தையும் விட்டுடுங்க சார்” என்றேன். பதிவேட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

மன்னித்துவிடு என்று எழுதப் போவதில்லை. அதைக் கேட்க எனக்கு வாயில்லை. நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

அக்கா

*

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் இருந்ததை நீ படிக்காமல் போனது உனக்கு நல்லது.

உன் கடிதத்தை மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, “உங்க அக்காவை நான் நாலு வார்த்தை கேட்கணும்” என்றாள். நானும் கேட்கவேண்டும். நாலு போதாது. ஆறு வரை எண்ணத் தெரியாதவன் என்று என்னை நானே இருபத்திரண்டு வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன் அக்கா. நீ அங்கே தினமும் பதினொன்றைத் துடைத்துக்கொண்டு இருந்தாய். உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. கோபத்தோடு கோபமாகச் சந்தோஷமும் வருகிறது, அதுதான் இன்னும் எரிச்சல். ஆலையில் அளந்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரர் மறுபடி அளப்பதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். அவர் பயந்துபோய், “உடம்புக்கு என்ன?” என்று கேட்டார்.

முதல் ஞாயிறு கரண்டியைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன். நான் செய்யவில்லை, நான் செய்யவில்லை என்று சக்கரம் சுற்றுகிற மாதிரி. வெளியே வயல் போகிறதா ஊர் போகிறதா என்றுகூடத் தெரியவில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன்.

அவர் இடது கையால் கோப்பையைத் தள்ளித் தள்ளி மேஜையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். கடல் அழகாக இருந்தது என்று நீ எழுதிய இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். “ஆமா. நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்” என்றார்.

பிறகு கேட்டார்: “அப்போ அடுத்த மாசம் நீ வர வேண்டியதில்லையே?”

அவர் முகத்தில் கோபம் இல்லை அக்கா. விருந்தாளி எழுந்து கிளம்பும்போது வீட்டுக்காரருக்கு வருகிற முகம் இருந்தது. பதினெட்டு வருஷமாக நான் தண்டனை அனுபவிக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் அது தெரியும் என்பதும், தெரிந்தே தேநீர் போட்டு வைத்துக் காத்திருந்தார் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

“வருவேன்” என்றேன்.

“எதுக்கு?”

“தெரியல. வருவேன்.”

“வர்றதுன்னா அந்தச் சோக மூஞ்சியை வீட்டுலயே வெச்சிட்டு வா. பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு” என்றார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். “அவங்களை நான் பார்க்கணும்” என்றார். “முதல் நாள் நீ வந்தப்போ உன்னைத் திட்டணும்னு ஒரு மூட்டை சேர்த்து வெச்சிருந்தேன். வாசல்லயே நின்னு அழுதுட்ட, திட்ட விடலை. அது அப்படியே இருக்கு. சேர வேண்டியவங்ககிட்ட சேரட்டும்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் திட்டுவார், நீ கேட்கத்தான் வேண்டும்.

தலைமை அதிகாரி அந்த வரிகளை அச்சுக்கு விட்டாரா, வெட்டினாரா என்று நீ எழுதவில்லை. விட்டால் ஒரு பிரதி கொண்டு வா, மகள் படிக்கட்டும். வெட்டியிருந்தால் உன் கையால் எழுதியதைக் கொண்டு வா.

மே மாதம் முதல் ஞாயிறு. உங்கள் பக்கத்திலிருந்து வரும் ரயில் இங்கே ஏழு மணிக்கு நிற்கும். நிலையத்துக்கு எதிரிலேயே கரண்டி ஊருக்குப் பஸ். நான் உன்னை மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியவில்லை. வழியெல்லாம் உன்னோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. அந்த பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், முன்கூட்டியே ஏறி உனக்கும் இடம் பிடித்து வைக்கிறேன்.

தம்பி